டர்பன் தெருக்களைப் படமெடுப்பதை வாழ்நாள் தொழிலாகக் கொள்ள இயலுமா?

வார்விக் வழிப்போக்கி (ஞாயிறு, இரவு 9.10)

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவள், வயது 27. வாரத்தில் ஐந்து நாள் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேலைக்குப் போகும் முன் அதிகாலையிலும், சனிக்கிழமைகளில் பகல் முழுவதும், கேமராவுடன் வார்விக் சந்திப்பிலும் கிரே தெருவிலும் நடக்கிறேன். (கிரே தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாது தெரு என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் எங்கள் வீட்டில் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 11,000 படங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நானே மீண்டும் பார்க்க விரும்புபவை இருநூறுகூட இருக்காது.

எதைப் படமெடுக்கிறேன் என்று சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். அதிகாலைச் சந்தையில் நான்கரை மணிக்கு இறங்கும் காய்கறி மூட்டைகளைத் தள்ளுவண்டிகளில் ஏற்றி இழுத்துச் செல்பவர்களின் கைகளை மட்டும் பல மாதங்கள் எடுத்தேன். வண்டியின் கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருப்பார்கள். அது இழுப்பவரின் உள்ளங்கைக்குத் தக்கபடி தேய்ந்துபோயிருக்கும். தம் வண்டியை வேறொருவர் பிடித்தால் பிடி சரியாக அமையாது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு முகங்களைவிடக் கைப்பிடிகளை எடுக்கத்தான் ஆசையாக இருந்தது.

இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே செய்யலாமா என்று யோசிக்கிறேன். "கல்யாணத்தில் படம் எடுத்தால் பணம் வரும், தெருவில் எடுத்தால் என்ன வரும்?" என்று அப்பா கேட்கிறார். அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. இந்தத் துறையில் முன்னே நடந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஃபிலிம் ரோல் (திங்கள், காலை 6.25)

மகளே, உன் அப்பா கேட்ட கேள்வியை என் அப்பாவும் கேட்டார். எனக்கு வயது 71. டர்பனில் ஒரு பத்திரிகையின் இருட்டறையில் சேர்ந்து, பின்னர் அதே பத்திரிகைக்குப் படமெடுப்பவனாகி, மொத்தம் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எனவே நான் அறிந்ததை அறிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ரஞ்சித் கல்லியைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1925-ல் இசிப்பிங்கோவில் பிறந்தவர். காலணித் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தபோது, 1946-ல், பழம்பொருள் விற்பனை ஒன்றில் ஆறு பென்ஸ் கொடுத்து ஒரு கோடக் கேமராவை வாங்கினார். தொழிற்சாலை வேலையை உடனே விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் இரண்டையும் சேர்த்தே சுமந்து, அதன் பிறகுதான் 'டிரம்' இதழுக்கும் 'கோல்டன் சிட்டி போஸ்ட்' இதழுக்கும் படமெடுப்பவரானார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுதுலியை அவர் எடுத்த படங்களை உலகம் அறியும். ஆனால் எனக்கு நெருக்கமானவை அவர் எடுத்த நம் ஊர்ப் படங்கள்: வீட்டு வாசல்கள், நடனக்காரர்கள், விளையாட்டு வீரர்கள், வேலை முடிந்து திரும்பும் மனிதர்கள். அவருடைய முதல் தனிக் கண்காட்சி 2004-ல் ஜோகன்னஸ்பர்கில் நடந்தது. அப்போது அவருக்கு வயது 79. அவர் 2017-ல் மறைந்தார். அந்த எழுபத்தொன்பது என்ற எண்ணை உன் அப்பாவிடம் சொல், மறைக்காதே. முழுநேரம் என்று நீ சொல்லும்போது எதற்கு ஒப்புக்கொள்கிறாய் என்பது அவருக்கும் உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தவர் ஓமர் பாட்ஷா. 1945-ல் டர்பனில் பிறந்தவர். எந்தப் பள்ளியிலும் புகைப்படம் பயிலாமல் தாமே கற்றவர். ஓவியராகவும் தொழிற்சங்கக்காரராகவும் இருந்தவர், சங்க வேலைக்குப் பயன்படும் என்றுதான் கேமராவைக் கையில் எடுத்தார். 1979-ல் வந்த அவருடைய முதல் படநூலை அன்றைய அரசு தடைசெய்தது. 1982-ல் வேறு சிலருடன் சேர்ந்து 'அஃப்ராபிக்ஸ்' என்ற புகைப்படக்காரர் கூட்டமைப்பைத் தொடங்கினார். நீ நடக்கும் அதே கிரே தெருப் பகுதியை அவர் பல ஆண்டுகள் எடுத்த படங்கள் 2001-ல் நூலாக வந்தன. அந்நூலை எங்கேனும் கிடைத்தால் மெதுவாகப் பார். அதில் யாரும் கேமராவைக் கண்டு திடுக்கிட்டவர்களாக இல்லை. தையற்காரரும், தேநீர்க்கடையில் அமர்ந்திருப்பவரும், மொட்டை மாடியில் நிற்கும் குடும்பமும் அவரை முன்பே அறிந்தவர்களாகத் தெரிவார்கள். அவர் அந்தத் தெருக்களுக்கு வந்து போனவர் அல்லர், அங்கேயே வளர்ந்தவர். அந்த வேறுபாடு படத்தில் விழுந்துவிடும். எந்த லென்ஸாலும் அதை மறைக்க முடியாது.

கருவியைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தெருவில் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்திருந்தேன். லென்ஸ் துளையை எட்டில் (f/8) வைத்து, குவியத்தை இரண்டரை மீட்டரில் முன்கூட்டியே நிறுத்தி, ஷட்டர் வேகத்தை நொடியில் 250-ல் ஒரு பங்காக வைத்துவிட்டால் கண் பார்த்ததைக் கை எடுத்துவிடும். கேமராவோடு போராட நேரம் போகாது. ரோலுக்கு முப்பத்தாறு படங்கள்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஆயா சொன்னதை அந்த முப்பத்தாறுதான் எனக்குப் பழக்கியது. நான்கு ஆண்டில் 11,000 என்று நீ எழுதியதைப் படித்தபோது, அதில் எத்தனை படத்திற்கு நாளும் இடமும் பெயரும் எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்கத் தோன்றியது.

லெனேசியா வாசி (திங்கள், பகல் 1.40)

ஐயா சொன்னதோடு ஜோகன்னஸ்பர்கின் கதையையும் சேர்க்க விரும்புகிறேன். தங்கையின் கேள்வி பிழைப்பைப் பற்றியது, அதற்கு இங்கே சில தெளிவான முன்மாதிரிகள் உள்ளன.

டேவிட் கோல்ட்பிளாட் (1930–2018) ராண்ட்ஃபோன்டைனில் தம் தந்தையின் துணிக்கடையை நடத்தி வந்தார். தந்தை இறந்த பிறகு, 1963-ல் கடையை விற்றுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரரானார். ஆனால் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது தமக்குப் பிடித்ததை எடுத்ததால் அன்று. நிறுவனங்களுக்கும் இதழ்களுக்கும் கூலிக்கு எடுத்த படங்கள் குடும்பத்தை நடத்தின. எஞ்சிய நாள்களில்தான் அவர் தமக்கென்று எடுத்தார். நம்மவர்களுக்கு அவர் முக்கியமானதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஃபீட்டாஸ் என்று நாம் அழைக்கும் பேஜ்வியூவிலிருந்து இந்தியக் கடைக்காரர்களை, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் பேரால் வெளியேற்றிய 1970-களில், அவர் அந்தக் கடைகளுக்குள் போய் முதலாளிகளையும் பணியாளர்களையும் அலமாரிகளையும் நிதானமாகப் படமெடுத்தார். என் பெரியப்பா அந்தத் தெருக்களில் ஒன்றில் துணி அளந்தவர். அவருடைய கடை அந்தப் படங்களில் இல்லை. இருந்தாலும் அலமாரியில் துணிச் சுருள்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைக் காட்டி, "இப்படித்தான், இப்படியேதான்" என்று அவர் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார்.

கோல்ட்பிளாட் 1989-ல் தொடங்கிய மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப் இன்றும் நியூடவுனில் இயங்குகிறது. மற்ற பள்ளிகள் கறுப்பின மாணவர்களுக்கு மூடிக்கிடந்த காலத்தில் அவர்களுக்காகவே எழுந்த இடம் அது. தங்கை ஒரு குறுகிய பயிற்சிக்காவது இங்கு வர வேண்டும் என்பது என் விருப்பம், தன் படங்களைப் பிறர் முன் சுவரில் ஒட்டிவைத்து, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லும் பழக்கம் தனியாக நடப்பவருக்குக் கிடைப்பதில்லை.

எர்னஸ்ட் கோலின் வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும், அது வருத்தமானதாக இருந்தாலும். 1940-ல் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கு இருந்த நடமாட்டத் தடைகளைத் தாண்டுவதற்காகத் தம் பெயரின் எழுத்தையே மாற்றி, தம்மைக் கலப்பினத்தவர் என்று பதிவு செய்துகொண்டார். ரயில் நிலையங்கள், சுரங்கத் தொழிலாளர் சோதனைகள், கறுப்பினத்தவர் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுக்கான கைதுகள் ஆகியவற்றை மறைத்து வைத்த கேமராவால் எடுத்தார். 1966-ல் நாட்டை விட்டுப் போனார். 1967-ல் அவருடைய நூல் வெளிநாட்டில் வெளிவந்தது, இங்கே தடைசெய்யப்பட்டது. 1990-ல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். 2017-ல் சுவீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து அவருடைய ஏறத்தாழ 60,000 நெகட்டிவ்கள் வெளிப்பட்டன. இத்தனை பெரிய கலைஞன் இறந்தபோது தன் வேலை எங்கே இருக்கிறது என்பதைக்கூடக் கையில் வைத்திருக்கவில்லை. ஆகவே தங்கை வேலையை விடுவதற்கு முன், எடுத்த படங்கள் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

சந்தைக்காரர் பேரன் (திங்கள், மாலை 7.05)

எல்லாரும் புகைப்படக்காரர்களின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். படத்தில் இருப்பவர்களின் பக்கத்திலிருந்து ஒருவன் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் ஆயா அதிகாலைச் சந்தையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கீரையும் கறிவேப்பிலையும் அமடும்பே கிழங்கும் விற்றார். 2009-ல் அந்தச் சந்தையை இடித்துவிட்டு அங்கே பேரங்காடி கட்டப்போவதாக மாநகராட்சி அறிவித்தபோது, வியாபாரிகள் நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மாதங்களில் கேமராவோடு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நன்மையும் விளைந்தது, எங்கள் பாட்டிகளின் முகங்கள் செய்தித்தாளில் வந்ததால் பலர் எங்கள் பக்கம் நின்றார்கள். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் சில ஆண்டுகள் கழித்து ஒரு உணவகத்தின் சுவரில் ஆயாவின் படத்தை ஆளுயரத்தில் பார்த்தேன். தலையில் துணி, கையில் கறிவேப்பிலைக் கட்டு, கண்களைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்க்கிறார். அழகான படம்தான். அதன் கீழே பெயர் இல்லை, 'டர்பன் சந்தை' என்று மட்டும் இருந்தது. எடுத்தவர் யார் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஆயா உயிரோடு இருந்தார். தம்மை ஒருவர் படமெடுத்தார் என்பதே அவருக்கு நினைவில்லை. வீட்டில் ஆயாவுக்கென்று தனியே எடுத்த படம் ஒன்றுகூட இல்லாத நிலையில், முன்பின் தெரியாதவர்கள் சோறு உண்ணும் இடத்தில் அவர் தொங்கிக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியில் அந்தச் சுவரைப் படமெடுத்துக்கொண்டு வந்து அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தச் சட்டை கிழிந்திருந்தது, தெரியாமல் எடுத்துவிட்டான், நல்லவன்" என்றார். எனக்குத்தான் கோபம் இருந்தது, அவருக்கு இல்லை.

அக்கா, உங்கள் 11,000 படங்களில் எத்தனை பேருக்கு அவர்களுடைய படம் போய்ச் சேர்ந்திருக்கிறது? இதை உங்களைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தொழில் என்றால் கொடுக்கலும் வாங்கலும் இருக்க வேண்டும். கறிவேப்பிலை விற்றவரிடம் யாரும் சும்மா கட்டை எடுத்துக்கொண்டு போனதில்லை.

வார்விக் வழிப்போக்கி (திங்கள், இரவு 10.50)

தம்பி கேட்டதற்கு நேரான பதில்: முப்பது பேருக்கு மேல் இருக்காது. அவர்களும் தாமாகக் கேட்டவர்கள். ஐயா கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாளும் நேரமும் கேமராவே பதிந்துவிடுகிறது. இடம் எனக்கு நினைவிருக்கும் என்று நம்பியிருந்தேன். பெயர்களைப் பெரும்பாலும் எழுதவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு ஐயமும் உண்டு. தைப்பூசக் காவடியையும் புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் கூடும் கூட்டத்தையும் எடுத்திருக்கிறேன். அருள் வந்து ஆடுபவர்களை எடுக்கலாமா என்பதில் எனக்குத் தெளிவு இல்லை. சென்ற ஆண்டு ஒரு பெரியவர் லென்ஸின் முன் கையை வைத்து மறைத்தார்.

கிளேர்வுட் ஆசிரியை (செவ்வாய், மாலை 4.30)

அந்தப் பெரியவர் செய்தது சரி என்றும், நீ எடுத்ததும் தவறில்லை என்றும் நான் நினைக்கிறேன். இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று விளக்க முயல்கிறேன்.

நம் முன்னோர் 1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கியது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. வயது, ஊர், தகப்பன் பெயர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். முகம் மட்டும் அதில் இல்லை. என் கொள்ளுப்பாட்டியின் இடது கணுக்காலில் தழும்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று தெரியாது. அந்தக் குறையோடு வளர்ந்தவள் என்பதால், நம் திருவிழாக்களைப் படமெடுப்பவர்களை நான் வாழ்த்தியே வந்திருக்கிறேன்.

அருள் வந்திருப்பவரின் நிலை வேறு. அந்த நேரத்தில் அவர் தம் முகத்தைத் தம் வசத்தில் வைத்திருக்கவில்லை. அலகு குத்திய நாக்கையும் சொருகிய கண்களையும் மிக அருகில் எடுத்து இணையத்தில் போட்டால், நம் வழிபாட்டை அறியாதவர்கள் அதை வேடிக்கையாகவும் கொடூரமாகவும் பார்ப்பார்கள். இதனால் மனம் புண்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் காவடியைப் படமெடுக்கிறார். முதல் நாள் இரவு காவடி கட்டும் வீட்டுக்கே போய், பூக்கட்டும் பெண்களோடு உட்கார்ந்து, யாருடைய நேர்த்தி, எதற்காக என்று கேட்டுக்கொள்வார். மறுநாள் அவர் எத்தனை நெருங்கி எடுத்தாலும் யாரும் கையை வைத்து மறைப்பதில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது படங்களைக் கொண்டுவந்து அந்தந்த வீட்டில் கொடுத்துவிடுவார். நீயும் காவடிக்கு முதல் நாள் இரவே போய்ப் பார்.

சட்டம் படித்தவள் (செவ்வாய், இரவு 8.15)

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுவெளியில் நின்று பொதுவெளியில் நடப்பதைப் படமெடுக்க நம் நாட்டில் பொதுவாக அனுமதி வேண்டியதில்லை. பேரங்காடி, தனியார் நடைக்கூடம் போன்றவை தனியார் சொத்து. அங்கே உரிமையாளரின் விதி செல்லும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பத்திரிகை, இலக்கியம், கலை ஆகியவற்றுக்கான வெளிப்பாட்டுக்குத் தக்க அளவில் விலக்கு அளிக்கிறது. ஆனால் ஒருவரின் உருவத்தை அவர் ஒப்புதல் இன்றி விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்துவது வேறு செய்தி. 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தை அலைச்சறுக்கு இதழ் ஒன்று வெளியிட்ட வழக்கில், மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் 2009-ல் அந்தச் சிறுமியின் பக்கம் தீர்ப்பளித்தது. தம்பி சொன்ன உணவகச் சுவரையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம்.

பிழைப்பைப் பற்றிப் பேசுவதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல படக்காரர்கள் தாமதமாகத்தான் அறிகிறார்கள். 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து உங்களைப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தின் உரிமை பணம் கொடுத்தவருக்கே போகும். நீங்களாகத் தெருவில் எடுத்தது உங்களுடையது. ஆகவே எந்த நிறுவனமாவது, "சந்தையை எங்களுக்காக எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டால், வேலையைத் தொடங்கும் முன்பே உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு பக்கத் தாளை எழுதாததால், தாம் பத்து ஆண்டுகள் எடுத்த தொடரைத் தம் நூலில் சேர்க்க முடியாமல் நின்ற ஒருவர் என் நண்பர்.

பெட்டிக்குள் நெகட்டிவ் (புதன், காலை 11.20)

நான் சில ஆண்டுகளாகக் குடும்பப் படத்தொகுப்புகளையும் பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்களையும் ஒழுங்கு செய்யும் வேலையில் தன்னார்வலராக உதவி வருகிறேன். லெனேசியா அண்ணன் கேட்ட 'படங்கள் எங்கே இருக்கும்' என்ற கேள்வியோடுதான் என் நாள்கள் போகின்றன.

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் 'கிட்டிஸ் ஸ்டுடியோ' நடத்திய சிங்காரம் ஜீவரத்தினம் மூட்லியை எண்ணிப் பாருங்கள். (முதலி என்ற பெயர் இங்கே மூட்லி ஆகிவிட்டது.) நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த நாள்களில், அவருடைய ஸ்டுடியோவுக்கு எல்லா இனத்தவரும் வந்தார்கள், மணி அணிந்த ஜூலுப் பெண்களும், புதுச் சட்டை போட்ட இளைஞர்களும், தமிழ்க் குடும்பங்களும் அதே திரையின் முன் நின்றார்கள். அவர் 1987-ல் மறைந்தார். ஏறத்தாழ 1,400 நெகட்டிவ்கள் அழிவின் விளிம்பிலிருந்து பிழைத்து, 2015-ல் நியூயார்க்கில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவற்றில் பலருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோவில் எல்லாருக்கும் ரசீது எழுதியிருப்பார்கள். ரசீதுப் புத்தகத்தைப் படத்தோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

டர்பனின் ஈரக்காற்று படங்களுக்குப் பகை. லென்ஸில் பூஞ்சை படர்வதை எல்லாரும் அறிவர். அதே பூஞ்சை நெகட்டிவிலும் படரும். பழைய அசிடேட் ஃபிலிம் கெடத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்த பெட்டியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் முன் படங்களைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அதன்பின் சேறு படிந்த கல்யாண ஆல்பங்களைக் கைகளில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். அன்று வந்த ஆல்பங்களில் பாதியை இப்படித்தான் மீட்டோம்.

தங்கையின் டிஜிட்டல் கோப்புகளுக்கு இரண்டு வட்டுகள் வேண்டும், இரண்டாவது வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையம் நம் சமூகத்தின் தாள்களையும் படங்களையும் சேகரித்து வருகிறது. ஒரு தொடர் முடிந்ததும், குறிப்புகளோடு, அங்கே ஒரு பிரதியை வைப்பதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். குறிப்பு இல்லாத படத்தை எந்த ஆவணக் காப்பாளராலும் பெரிதாகப் பயன்படுத்த முடியாது.

பழைய ஃபிலிம் ரோல் (புதன், இரவு 7.45)

சகோதரி சொன்னதைப் படித்த பிறகு, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் வேலை பார்த்த பத்திரிகை கட்டடம் மாறியபோது இருட்டறை மூடப்பட்டது. ஒரு திங்கட்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள், அலமாரியிலிருந்த நெகட்டிவ் உறைகளைக் குப்பைத் தொட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். மேசை இழுப்பறையில் தனியாக வைத்திருந்த நான்கு உறைகள் மட்டும் என்னிடம் உள்ளன. அவற்றுள் ஒன்றில், மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குக் குடும்பங்களை மாற்றிய நாள்களில் என் அண்ணன் எடுத்த பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. ஒரு லாரியின் பின்புறத்தில் அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். கட்டில் எல்லாம் லாரியில் ஏறியிருக்க, அம்மியை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், அவர் போய்ப் பத்து ஆண்டுகள் ஆகின்றன.

மகளே, வேலையை இப்போது விடாதே என்றுதான் சொல்வேன். அரை நாள் வேலையாக மாற்றித் தருவார்களா என்று கேள். கல்யாணப் படங்களையும் தாழ்வாக நினைக்காதே. மணமேடையில் நான்கு மணிநேரம் நின்று பழகியவருக்குத் தெருவில் பொறுமை தானாக வரும். அந்தக் கல்யாண வீட்டுப் பெரியவர்களே பிறகு உனக்குத் தெருவில் கதவைத் திறப்பார்கள். என் வருமானத்தில் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது, பெண் பிள்ளைகள் இருவரும் அதில்தான் படித்தார்கள். உன் அப்பாவின் கேள்வியில் 'கல்யாணமா, தெருவா' என்று இருக்கிறது. நான் ஐம்பது ஆண்டு வாழ்ந்தது இரண்டிலும்.

வார்விக் வழிப்போக்கி (ஞாயிறு, பிற்பகல் 2.20)

ஒரு வாரம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். இடையில் ஒரு வேலை செய்தேன். அதிகாலைச் சந்தையில் எடுத்தவற்றில் நாற்பது படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, நேற்றுக் காலை ஐந்து மணிக்குக் கொண்டுபோனேன். பதினேழு பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஆறு பேர் இப்போது அங்கே வருவதில்லை. மற்றவர்களுக்கு அடுத்த வாரம் போக வேண்டும்.

கொத்தமல்லி விற்கும் ஒரு அம்மாவின் படத்தை நான் இரண்டு முறை போட்டிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். 'தம் கடையில் வியாபாரி' என்று தலைப்பும் கொடுத்திருந்தேன். அவர் பிரிண்டைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது என் கடை இல்லையே, கண்ணு" என்றார். அன்று அவருடைய நாத்தனாருக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்ததால், அவருடைய இடத்தில் இவர் உட்கார்ந்திருக்கிறார். இவருடைய மேசை எதிர் வரிசையில், காட்ரா பீன்ஸ் உரித்து வைக்கும் இடம். படத்தின் ஓரத்தில் தெரியும் நீல வாளியும் நாத்தனாருடையதுதான். மூன்று ஆண்டுகளாக நான் கொடுத்துவந்த தலைப்பு முழுவதும் தவறு.

பிரிண்டின் பின்புறத்தில் அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதினேன்: அவர் பெயர், நாத்தனாரின் பெயர், இரண்டு மேசைகளும் எந்தெந்த வரிசை, அன்று கட்டு என்ன விலை. இன்னொரு பிரதி நாத்தனாருக்கும் வேண்டும் என்றார். "என் வாளியை இவள் எடுத்துக்கொண்டாள் என்று அவள் சொல்வாள், அதற்காகவே கொடு" என்று சிரித்தார்.

மீதி 11,000-ஐயும் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன். வேலையை விடவில்லை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விடுப்புக் கேட்டிருக்கிறேன், மாதக் கடைசியில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐயா, உங்களிடம் இருக்கும் அந்த நான்கு உறைகளையும் ஸ்கேன் செய்து தர எனக்கு அனுமதி உண்டா? அம்மிக்கல்லோடு இருக்கும் அந்த அம்மாவின் படத்தைச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் பாட்டிகளிடம் காட்டிக் கேட்கிறேன். அவர்களில் மூவர் மேகசின் பாரக்ஸிலிருந்து வந்தவர்கள். வரும் சனிக்கிழமை பிற்பகல் நான் வரலாமா என்று சொல்லுங்கள்.

பழைய ஃபிலிம் ரோல் (ஞாயிறு, பிற்பகல் 3.05)

வா, மகளே. மூன்று மணிக்கு மேல் வா. அதற்குள் லைட் பாக்ஸைத் துடைத்து வைக்கிறேன். பருத்திக் கையுறை என்னிடம் ஒரு ஜோடிதான் இருக்கிறது, உனக்கு ஒன்று கொண்டுவா.